சொந்தச் சரக்கு சேர்க்காத தூதர்

எங்கள் வீட்டுக்காரருக்குத் திடீரென்று குரல் போனபோது, கட்டின மனைவியாக நான் பதறியிருக்க வேண்டும். ஊருக்காகப் பதறவும் செய்தேன். உள்ளுக்குள் என்னவோ கோடை விடுமுறை விட்ட மாதிரி இருந்தது.

அவர் கல்லூரியில் சமய ஒப்பீட்டுப் பேராசிரியர். கிறிஸ்தவத்தையும் இஸ்லாத்தையும் கரைத்துக் குடித்தவர், இரண்டிலும் சேராதவர். தீர்க்கதரிசிகளிடமும் நபிமார்களிடமும் வானவர்கள் வந்துபோன வரலாறுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. பல் தேய்க்கும்போது கபிரியேல், ஷூ லேஸ் கட்டும்போது ஜிப்ரீல். இரண்டு பெயரும் ஒருவருக்கே உரியவை என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எதிர்வீட்டுப் பாப்பாவுக்கும் மனப்பாடம்.

"அங்க தூதர் வந்ததும் முதல்ல பயப்பட வேண்டாம்னு தைரியம் சொல்றார். இங்க குகைக்குள்ள நபிகளை இறுகக் கட்டிப்பிடிச்சு ஓதச் சொல்றார். நபிகள் நடுங்கிக்கிட்டே வீட்டுக்கு வந்து போர்த்திவிடச் சொல்றார். வித்தியாசத்தைக் கவனிச்சியா? ஆனா ஒண்ணு, ரெண்டு பக்கமும் தூதர் சொந்தச் சரக்கு சேர்க்க மாட்டார். கொடுத்ததை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார்."

நான் கவனித்தது வேறு. நடுங்கி வந்தவருக்கு அந்த வீட்டு அம்மையார் பாடம் நடத்தவில்லை. போர்த்திவிட்டார், உட்கார்ந்து கேட்டார், நம்பினார். இதை எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன். பாதி வாக்கியத்திலேயே, "அதுல ஒரு நுட்பம் இருக்கு" என்று குறுக்கே விழுந்துவிடுவார். வானத்திலிருந்து வந்த செய்தியை எல்லாம் எழுத்துக்கு எழுத்து கேட்டவருக்கு, வீட்டுக்குள் யார் பேசினாலும் நுட்பம் வந்துவிடும்.

எங்கள் ஒரே மகன் வீட்டைவிட்டுப் போனதும் அப்படித்தான். அவர் வாங்கிக்கொடுத்த விரிவுரையாளர் வேலையை விட்டுவிட்டு, லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மெக்கானிக்காகச் சேர்ந்தான். ஏன் என்று சொல்லத்தான் சாப்பாட்டு மேசைக்கு வந்தான். "அப்பா, எனக்கு அங்க என்னன்னா..." என்பதற்கு மேல் அவனால் போக முடியவில்லை. "வானவங்க ஏறி இறங்கின ஏணியப் பத்தி நான் பாடம் நடத்துறேன். என் பிள்ளை ஏத்தி இறக்குற பெட்டிக்கு கிரீஸ் தடவுறான்!" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பிரசங்கம். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனவன்தான். இரண்டு வருடமாக என்னிடம் மட்டும் போனில் பேசுவான்.

அவருக்குக் குரல் போன வாரம் மகனே போன் செய்தான். வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் இருப்பேன், பிறகு எப்போது வருவேனோ தெரியாது என்றான்.

"வீட்டுக்கு வாயேன்டா" என்றேன்.

"அப்பா இருப்பாரா?"

"இருப்பார். ஆனா பேச மாட்டார். தொண்டை வீங்கியிருக்கு. டாக்டர் வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டார்."

"அப்ப வர்றேம்மா" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் நல்லபடியாக வந்து நல்லபடியாகப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இடையில் ஒரு சனிக்கிழமை இருந்தது. அன்றைக்குத்தான் கல்லூரி ஆண்டுச் சொற்பொழிவு. தலைப்பு, இரு மரபுகளில் வானவர் வருகை. அவருக்கென்றே தைத்த சட்டை மாதிரியான தலைப்பு. அதை யார் நன்றாகச் செய்கிறாரோ அவருக்குத்தான் துறைத் தலைவர் நாற்காலி என்று எல்லோருக்கும் தெரியும். ஓய்வு பெறுவதற்குள் அந்த நாற்காலியில் ஒரு தடவையாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவர் தவம் கிடந்தார்.

புதன்கிழமை அவருடைய சகாக்கள் இரண்டு பேர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் பாதிரியார், இன்னொருவர் ஹஜ்ரத். இரண்டு பேரும் அதே துறையில் பாடம் நடத்துகிறவர்கள். நாற்காலி விஷயத்தில் பாதிரியாருக்கும் ஒரு கண். எங்கள் வீட்டுக்காரர் எதிர்வீட்டுப் பாப்பாவிடம் இரவல் வாங்கிய சிலேட்டோடு சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"சிலேட்டு வேறயா? அப்படியே சகரியாவேதான்!" என்று பாதிரியார் கையைத் தட்டினார். என் பக்கம் திரும்பி விளக்கினார். "வயசான காலத்துல உனக்குப் பிள்ளை பிறக்கும்னு தூதர் வந்து சொன்னார்மா. சகரியா நம்பல. பிள்ளை பிறக்கிறவரைக்கும் பேச்சு நின்னுபோச்சு. பேர் என்ன வைக்கிறதுன்னு பலகையில எழுதிக் காட்டினப்புறம்தான் நாக்கு திரும்புச்சு. சந்தேகத்துக்குத் தண்டனை."

ஹஜ்ரத் மெதுவாகத் தலையை ஆட்டினார். "எங்க பக்கம் அது தண்டனை இல்லீங்க. ஸகரிய்யா நபி அவரே ஒரு அடையாளம் கேட்டார். உடம்புல ஒரு குறையும் இல்லாம, மூணு ராத்திரி மனுசங்ககிட்ட பேசாம இருக்கிறதுதான் அந்த அடையாளம்."

"ரெண்டும் ஒண்ணுதானே. பேசல."

"ஒண்ணு எப்படிங்க ஆகும்? அங்க வாயைக் கட்டிட்டாங்க. இங்க உடம்பு நல்லாவே இருக்கு."

தண்டனையா அடையாளமா என்று இருவரும் எங்கள் வீட்டு டீயைக் குடித்தபடி சூடாகிக்கொண்டே போனார்கள். நடுவில் எங்கள் வீட்டுக்காரர் சிலேட்டில் பரபரவென்று எழுதித் தூக்கித் தூக்கிக் காட்டினார். யாரும் பார்க்கவில்லை. எழுதினார், அழித்தார், எழுதினார். முகமெல்லாம் சாக்பீஸ் தூள். இத்தனை வருடம் நாங்கள் பட்டதை அவர் ஒரு மணி நேரம் பட்டதைப் பார்க்க எனக்குக் கண் குளிர்ந்தது. தண்டனைதான் என்று அன்றைக்கே மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

வியாழக்கிழமை டாக்டர் கூப்பிட்டார். நான் தையல் யூனிட்டில் மேற்பார்வை பார்க்கிறேன். நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் இருந்து பழகிய காது, அதனால் என் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும். "உன் போன் பேசினா தெருவுக்கே கேட்குது" என்று அவர் திட்டாத நாள் கிடையாது. நல்லவேளையாக அப்போது அவர் குளியலறையில் இருந்தார், குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"வீக்கம் சுத்தமா வத்திடுச்சும்மா" என்றார் டாக்டர். "நாளையில இருந்து சார் தாராளமாப் பேசலாம். சனிக்கிழமை சொற்பொழிவுக்கு ஒரு தடையும் இல்ல."

போனை வைத்தேன். சனிக்கிழமை பேசுகிறவர் ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பாரா? மகன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நுட்பம் ஆரம்பித்துவிடும். அவன் அப்படியே திரும்பி விமானம் ஏறிவிடுவான். ஒரு பக்கம் இவர் நாற்காலி, ஒரு பக்கம் என் பிள்ளை. நான் ரொம்ப நேரம் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம், "டாக்டர் பேசினார். ஞாயித்துக்கிழமை முடியிறவரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாதாம்" என்றேன். தூதர் வேலையில் முதல் நாளே சொந்தச் சரக்கைச் சேர்த்துவிட்டேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சிலேட்டில் 'சனிக்கிழமை?' என்று எழுதினார்.

"நீங்க எழுதி வச்சிருக்கிறதைப் பாதிரியார் வாசிக்கட்டுமே."

துண்டு முனையால் மெதுவாக அழித்தார். 'சரி' என்று எழுதினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாதாடாமல் சரி என்றதே இல்லை. தொண்டை வலி ஆளை எப்படி மாற்றிவிட்டது பார் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவ்வளவு புத்திசாலி.

சனிக்கிழமை கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். அவர் எழுதியதைப் பாதிரியார் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார், சிரிக்க வேண்டிய இடங்களில் தானே எழுதினது மாதிரி நிறுத்தினார். கைதட்டல் அடங்கவில்லை. முதல்வர் மேடையிலேயே பாதிரியாரின் தோளைத் தட்டி, "அடுத்த தலைவர்" என்றார். எங்கள் வீட்டுக்காரரும் கை தட்டினார். பஸ்ஸில் திரும்பும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த மனிதரின் ஆசையில் மண்ணள்ளிப் போட்டவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மதியம் மகன் வந்தான். இளைத்திருந்தான், விரல் இடுக்கில் கறுப்பு மை மாதிரி கிரீஸ். முதலில் என்னிடம் மட்டும் பேசினான். அவர் எதிரில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தார். பேச்சு ஓய்ந்த ஒரு நேரம் அவர் எதையோ எழுதித் தூக்கிக் காட்டினார்.

'அப்புறம்?'

மகன் அதைப் படித்தான். அப்பாவைப் பார்த்தான். சிரித்துவிட்டான். பிறகு அவன் பேச ஆரம்பித்தான் பாருங்கள், அப்படி ஒரு பேச்சு. பெட்டி மேலே போக எதிர் எடை எப்படிக் கீழே இறங்க வேண்டும், இரும்புக் கயிறு தேய்வதைக் கையால் தடவியே எப்படிக் கண்டுபிடிப்பது, கல்லூரியில் பாடம் நடத்தும்போது மூச்சு முட்டியது ஏன், எல்லாம். நடுவில் நின்றால் சிலேட்டு மறுபடி எழும்பும். அதே 'அப்புறம்?'. அவர் அதை அழிக்கவே இல்லை.

"ஒரு தடவை பெட்டி மேலயே மாட்டிக்கிட்டேன்பா" என்றான். "கரண்ட் போச்சு. கீழ பத்து மாடி, ஒரே இருட்டு. யாராவது வந்து, பயப்படாதடான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களான்னு இருந்துச்சு. உங்களைத்தான் நினைச்சேன். போன் பண்ணலாமான்னு பார்த்தேன். அப்புறம் வேண்டாம்னு விட்டுட்டேன்."

அவர் வாய் திறந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. இதோ ஆரம்பிக்கப்போகிறார், அங்கே அப்படி, இங்கே இப்படி என்று. வாய் மூடிக்கொண்டது. மேசைக்கு மேல் கையை நீட்டி மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.

கிளம்பும்போது வாசலில் நின்று, "பேசாம இருக்கும்போது நல்லாத்தான் இருக்கீங்கப்பா" என்றான் குறும்பாக. "தொண்டை சரியானதும் போன் பண்ணுங்க." அவர் தலையாட்டினார்.

கதவைச் சாத்தினேன். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "என்னை என்ன வேணா திட்டுங்க. டாக்டர் வியாழக்கிழமையே பேசலாம்னு சொல்லிட்டார். நான்தான் பொய் சொன்னேன். உங்க நாற்காலி என்னாலதான் போச்சு" என்று அழுதேன்.

அவர் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். கழுத்திலிருந்து மஃப்ளரை உருவிக் கொடியில் போட்டார்.

"உன் போன் பேசினா தெருவுக்கே கேட்குதுன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார். குரல் கணீரென்று இருந்தது. "எனக்குத் தொண்டைதானே போச்சு, காது போகலையே."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "அப்ப சனிக்கிழமை நீங்களே பேசியிருக்கலாமே?"

"சனிக்கிழமை பேசிட்டு ஞாயித்துக்கிழமை எப்படி ஊமையா இருக்கிறது? அவன் உன்கிட்ட போன்ல சொன்னதும்தான் எனக்குக் கேட்டுச்சு. நான் பேசுவேன்னு தெரிஞ்சா வந்திருப்பானா?"

மூக்கைச் சிந்திக்கொண்டே, தண்டனை இல்லாமல் ஹஜ்ரத் சொன்ன அடையாளக் கணக்கா என்று கேட்டேன். "அதுல ஒரு நுட்பம் இருக்கு" என்று ஆரம்பித்தவர் தானாகவே நிறுத்திக்கொண்டார். என் போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் பஸ் சத்தம் கேட்டது.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டேனா?"

அவர் கட்டாத தொண்டையைச் செருமினார்.

"அப்புறம்?" என்றார்.

அந்தப் பக்கம் மகன் சிரித்துவிட்டான். பிறகு அவன் பேச ஆரம்பித்தான், எங்கள் தெரு முழுக்கக் கேட்டது.