எங்கள் வீட்டைக் கழற்றிக்கொண்டு போனவர்கள்

எங்கள் ஊரில் ஒரு வீட்டை நீதிமன்றம் ஜப்தி செய்தால், அந்த வீட்டில் பாத்தியதை உள்ள வெளியாட்கள் முப்பது நாட்களுக்குள் வந்து தங்கள் பங்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். மீதி இருப்பது வழக்கில் ஜெயித்தவருக்கு. வீட்டில் குடியிருப்பவர்கள் மட்டும் மனுப் போட முடியாது. இத்தனை நாள் குடியிருந்ததே அவர்களுக்குப் போதும் என்று சட்டம் கருதுகிறது.

எங்கள் வீடு ஆவணி மூன்றாம் தேதி ஜப்தியானது. அப்பா அதை இரண்டு அண்ணன் தம்பிகளிடமிருந்து வாங்கியிருந்தார். அவர்களுடைய அம்மா அதை மூன்றாவது மகன் தணிகாசலத்தின் பெயருக்கு மட்டும் எழுதிவைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. தணிகாசலம் அப்போது அந்தமானில் இருந்தார். திரும்பி வந்து வழக்குப் போட்டார். பதினேழு வருடம் கழித்து ஜெயித்தார். முப்பத்திரண்டு பக்கத் தீர்ப்பை அப்பா இரண்டு முறை படித்துவிட்டு, சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

நீதிமன்ற அமீனா வேதமாணிக்கம் வந்து வாசல் கதவில் நோட்டீசை ஒட்டினார். தண்டோராக்காரர் தெருவின் இரண்டு முனையிலும் அடித்துவிட்டு வந்தார். வெயிலாக இருந்ததால் அப்பா அமீனாவை உள்ளே கூப்பிட்டு டீ சாப்பிடச் சொன்னார்.

"வேணாம் சார். இங்க ஒரு வாய் டீ குடிச்சாலும் எனக்கும் பாத்தியதை வந்துரும். அப்புறம் நானே மனுப் போட்டு நானே விசாரிக்கணும்."

அந்த முப்பது நாளும் அவர் தெருமுனைக் கடையில்தான் குடித்தார். அங்கே டீ நன்றாக இருக்காது.

முதல் இரண்டு நாள் யாரும் வரவில்லை. நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. பதினெட்டு வருடம் இருந்தும் ஒருவருக்கும் நம் வீட்டில் எதுவும் இல்லையா என்று அம்மா சமையலறையில் தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். முழு வீடும் போய்விட்டால் எங்கே போவது என்பது பற்றி அப்பா பேசவில்லை. செய்தித்தாளில் வாடகை வீட்டு விளம்பரங்கள் வரும் பக்கம் மட்டும் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் இஸ்திரிக்காரர் செங்கோடன் வந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் அவர் வண்டி எங்கள் கிழக்குச் சுவரின் நிழலில்தான் நிற்கும். பதினொரு வருட நிழல் தன்னுடையது என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். அமீனா தெருவில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, டேப்பைப் பிடித்து நிழலை அளந்து, மனுவை அனுமதித்தார். நிழலைத் தனியாக எடுக்க வராது என்பதால் சுவரும் சேர்ந்து போனது. செங்கோடன் நிழலை நாலாக மடித்து, அதன்மேல் பெட்டியை ஒரு தடவை ஓட்டி, சுவரோடு வண்டியில் ஏற்றினார்.

போகும்போது அம்மாவிடம், எப்போது வேண்டுமானாலும் வந்து சாய்ந்துகொள்ளலாம் என்று சொன்னார்.

அடுத்து பக்கத்து வீட்டு ஆக்னஸ் டீச்சர் சமையலறைக்கு மனுப் போட்டார். சமையலறை ஜன்னல் வழியாகத்தான் இரண்டு வீட்டுக்கும் கிண்ணங்கள் போய் வந்தன.

"எத்தனை தடவை போய் வந்திருக்கும், செண்பகம்? நீயே சொல்லு" என்றார் டீச்சர்.

அம்மா விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தாள். தோற்றவர்கள் சாட்சி சொல்லக்கூடாது என்று அமீனா தடுத்துவிட்டார். ஆனாலும் டீச்சருடைய சாட்சியமே போதுமானதாக இருந்தது. எங்கள் சமையலறை இப்போது அவர் வீட்டின் கிழக்குப் பக்கம் பொருத்தப்பட்டிருக்கிறது. அவருக்கு இரண்டு சமையலறை. ஒன்றில் அம்மா சமைக்கிறாள். கிண்ணங்கள் முன்போலவே போய் வருகின்றன.

தையல்காரர் சவரிமுத்து ஹாலைக் கேட்டார். கிரிக்கெட் நடக்கும் நாட்களில் அவர் வந்து வாசற்படியில் நின்றபடியே டிவியில் பார்த்துவிட்டுப் போவார். எத்தனை சொல்லியும் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. தணிகாசலம் அந்த விசாரணைக்கு வந்திருந்தார். அவர் ஒல்லியான மனிதர். லாட்ஜில் தங்கியிருந்தார். தினமும் காலையில் வந்து, தான் ஜெயித்த வீடு கழன்று போவதை எதிர் ஓரத்தில் நின்று பார்ப்பார்.

"வாசல்ல நின்னு பார்த்தவருக்கு ஹால் முழுசும் எப்படிச் சேரும், அமீனா சார்?"

அமீனா வாசற்படியில் போய் நின்று பார்த்தார். அங்கிருந்து ஹால் முழுவதும் தெரிந்தது. மனு அனுமதிக்கப்பட்டது. தணிகாசலம் தலையாட்டினார். அவர் மேல்முறையீடு செய்திருக்கலாம், இன்னொரு பதினேழு வருடம் இழுத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அவரை நினைத்தால் இப்போதும் எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது. ஹால் தையற்கடையின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. அப்பாவும் அம்மாவும் அங்கேதான் படுத்துக்கொள்கிறார்கள். சவரிமுத்து இன்னமும் நின்றுகொண்டுதான் கிரிக்கெட் பார்க்கிறார்.

அம்மாவிடம் டியூஷன் படிக்கும் குழந்தைகள் மாடிப்படியில்தான் உட்காருவார்கள். ஆளுக்கொரு படி. பதிமூன்று குழந்தைகளின் பெற்றோரும் ஒரே நாளில் வந்து படிகளைக் கழற்றினார்கள். எங்கள் மாடிக்குப் பதினாலு படி. பதினோராவது படியில் யாரும் உட்கார்ந்ததில்லை. அதில் ஒரு விரிசல் உண்டு, பாவாடை மாட்டிக்கொள்ளும். அது மட்டும் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் தனியாக நின்றது. ஜப்தியில் இருக்கும் சொத்து உத்தரவு இல்லாமல் இடம் மாறக்கூடாது.

எங்களுக்கு முன்பின் தெரியாத ஒருவர் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். பல வருடங்களுக்கு முன்பு ஒரு மழையில் எங்கள் சன்ஷேடின் கீழ் அரை மணி நேரம் ஒதுங்கியிருக்கிறார். அன்றைக்கு அவர் கையில் மகளுடைய ஜாதகம் இருந்ததாம். நனையவில்லை. இடது மூலையில் சொட்டும் என்று சரியாகச் சொன்னார். சன்ஷேடைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். அன்று மழை இல்லை. இருந்தாலும் அப்பா அவருக்கு ஒரு குடை கொடுத்து அனுப்பினார்.

இப்படி இருபத்தாறு நாளில் வீடு முழுவதும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது, என் அறையைத் தவிர.

என் அறை மாடியில் இருந்தது. கீழே ஹால் போன பிறகும் அது தன் உயரத்திலேயே நின்றது. நான் அதற்குள் இருந்தேன். அம்மா வாளியில் கயிறு கட்டிச் சாப்பாடு அனுப்பினாள். அந்த அறைக்குள் வெளியாட்கள் ஒருவரும் வந்ததில்லை. கல்லூரித் தோழிகள் வந்தால் நான் இறங்கிப் போய் ஹாலில் பேசுவேன், பெரும்பாலும் அவர்கள் பேசுவார்கள். உறவுக்காரர்கள் வந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன். எனக்குப் பிறருடைய கண்களைப் பார்ப்பது கஷ்டம். அதனால் என் அறையில் யாருக்கும் ஒரு பாத்தியதையும் இல்லை. முப்பதாம் நாள் முடிந்ததும் அது தணிகாசலத்துக்குப் போய்விடும். தையற்கடையின் பின்னால் இரண்டு பாய்க்குத்தான் இடம். நான் எங்கே இருப்பேன் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அம்மா தெருவில் வீடு வீடாகப் போய், என் மகள் அறையில் உங்களுக்கு ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்தாள். ஆக்னஸ் டீச்சர் வெகுநேரம் யோசித்துப் பார்த்தாராம். பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

பெண் இருக்கும் அறைக்குள் அமீனா நேரே நுழையக்கூடாது, விலகிக்கொள்ள அவளுக்கு அவகாசம் தரவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. வேதமாணிக்கம் கீழே நின்று, மேலே பார்க்காமல், மண்ணைப் பார்த்தபடி பேசினார்.

"பாப்பா, உனக்கு நியாயமான அவகாசம் உண்டு. நியாயம்னா எத்தனை நாள்னு சட்டத்துல போடல. நான் வியாழக்கிழமை சாயங்காலம்னு வச்சிருக்கேன்."

அவர் மண்ணைப் பார்த்துப் பேசியதற்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் ஜெயக்கொடி ஒரு தாளோடு வந்து நின்றாள். நூல் மில்லில் வேலை செய்கிறாள். ஆறு வருடமாக எதிரெதிரே இருந்தும் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. தெருவில் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் குனிந்துகொள்வோம்.

அமீனா மனுவைச் சத்தமாகப் படித்தார். எதிர்ப்பக்கத்து மேல் அறை ஜன்னலின் கொக்கி, தினமும் காலை ஐந்தரை மணிக்குக் கிறீச்சிடும். அந்தச் சத்தத்தில்தான் மனுதாரர் கண் விழிக்கிறார். வேறு கடிகாரம் வைத்துக்கொள்ளவில்லை. ஆறு வருடத்தில் ஆறு நாற்பது பஸ்ஸை ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

நான் ஐந்தரைக்கு ஜன்னலைத் திறப்பது, அப்போதுதான் தெருவில் என்னைப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள் என்பதற்காக.

மனுதாரர் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அமீனா கேட்டார். ஜெயக்கொடி தன் கால்விரலைப் பார்த்தாள். மேலே இருப்பவர் ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். நான் திரைக்குப் பின்னால் போனேன்.

"ரெண்டு பேரும் வாயைத் திறக்கலேன்னா நான் என்னத்தை எழுதறது?" என்று பேனாவை மூடினார். "சரி. சத்தத்தைக் காட்டுங்க."

தெருவில் எல்லோரும் இருந்தார்கள். செங்கோடன், ஆக்னஸ் டீச்சர், சவரிமுத்து, பதிமூன்று குழந்தைகள், அவர்களுடைய பெற்றோர். அம்மா கையில் வெறும் வாளியோடு நின்றாள். எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஜெயக்கொடி மட்டும் கண்களை மூடி, நின்றபடியே தூங்கிப்போனாள். லேசான குறட்டை கேட்டது. மில்லில் இரண்டு ஷிஃப்ட் பார்த்தவள்.

நான் திரையை விலக்கினேன். எனக்குக் காது சூடானது. கொக்கியை எடுத்து ஜன்னலைத் திறந்தேன். அது எப்போதும்போலக் கிறீச்சிட்டது. ஜெயக்கொடி கண் விழித்தாள். விழித்தவுடன் அவள் பார்த்தது என்னைத்தான். நானும் பார்த்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் முடிந்தது.

அமீனா தணிகாசலத்தின் பக்கம் திரும்பி, ஆட்சேபணை உண்டா என்றார். இதை விட்டுக்கொடுத்தால் அவருக்கு ஒரு கூரைகூட மிஞ்சாது என்பது தெருவுக்கே தெரியும். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தணிகாசலம் என் அறையைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"அந்த ரூம்ல நான் ஒரு நாளும் படுத்ததில்ல. பெரியண்ணன் உள்ள விடமாட்டான், கதவைச் சாத்திக்குவான்" என்றார். பிறகு, "அந்தக் கொக்கி அப்பவும் இப்படித்தான் கத்தும். அதுக்கு ஒருத்தர் எழுந்திரிக்கிறாங்கன்னா எழுந்திரிக்கட்டும். ஆட்சேபணை இல்ல" என்றார்.

ஜன்னலை மட்டும் எடுத்துக்கொள்வதாக ஜெயக்கொடி மிக மெல்லச் சொன்னாள். ஜன்னல் தானாகத் திறந்துகொள்ளாது, திறப்பவருக்கு நிற்க இடம் வேண்டும் என்று அமீனா விளக்கி, பட்டியலைத் தானே எழுதினார். மேல் அறை ஒன்று, ஜன்னல் ஒன்று, கொக்கி ஒன்று, திறப்பவர் ஒருவர். பட்டியலில் கடைசியாக இருந்தது நான். படிக்க நன்றாக இருந்தது.

என் அறையை நான் உள்ளே இருக்கும்போதே தூக்கிக்கொண்டு போய் ஜெயக்கொடியின் அறைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். செங்கோடன் ஒரு மூலையைப் பிடித்தார். தெருவைக் கடக்கும்போது அலமாரியில் இருந்த ஒரு புத்தகம்கூட விழவில்லை.

முப்பதாம் நாள் தணிகாசலத்திடம் மீதி ஒப்படைக்கப்பட்டது. வீடு இருந்த காலியிடமும், பதினோராவது படியும். அவர் ஏணி வைத்து ஏறி அந்தப் படியில் உட்கார்ந்தார். அங்கிருந்து கடைத்தெரு வரைக்கும் தெரிகிறது என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தினமும் மாலையில் ஏணியின் பாதி வரை ஏறி நின்று அவரோடு பேசிக்கொண்டிருக்கிறார். அம்மா வாளியில் அவருக்குச் சாப்பாடு அனுப்புகிறாள்.

ஒரு சிறு சிக்கல் மட்டும் இருந்தது. மனுவில் எழுதியிருந்தது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் சத்தம். இப்போது சத்தம் பக்கத்து அறையிலிருந்து வந்தது. முதல் நாள் ஜெயக்கொடி விழிக்கவில்லை, பஸ் போய்விட்டது. அவள் தணிகாசலத்திடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து இருட்டும் முன் பாயை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து, எங்கள் வீடு இருந்த இடத்தில் படுத்துக்கொள்கிறாள். போகும்போது என் கதவை இரண்டு முறை தட்டிவிட்டுப் போகிறாள். நானும் உள்ளிருந்து இரண்டு முறை தட்டுகிறேன்.

இன்று காலை ஐந்தரைக்கு ஜன்னலைத் திறந்தேன். எதிரே ஜெயக்கொடி பாயில் எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டடி தள்ளி, சக்கரங்களை மடக்கி, ஒருக்களித்துப் படுத்திருந்த ஆறு நாற்பது பஸ்ஸும் அதே சத்தத்தில் விழித்துக்கொண்டு, மேலே என்னைப் பார்த்து ஒரு முறை விளக்கைச் சிமிட்டியது. நான் அதற்கும் தலையாட்டினேன்.