இருபத்துநாலு ரிவிட்

ஹாஸ்க் தன் பொண்டாட்டி, என் தங்கச்சி டெல்ஃபியின் தாடையைப் பூட்ஸ் காலால் உதைத்து உடைத்தான். மூன்றே வாரத்தில், எதுவுமே நடக்காத மாதிரி என் பட்டறைக்கு வந்து, விஸ்கி காய்ச்ச எண்பது கேலன் செம்பு அண்டா வேண்டும் என்றான். அவளோ தலையைச் சுற்றித் துணிக்கட்டுடன், சோளக் கஞ்சியைப் பல்லிடுக்கில் உறிஞ்சிக்கொண்டு கிடந்தாள். பேச்சே இல்லை.

சுட்டிருக்கலாம். ஆனால் அவனுக்கு மூன்று அண்ணன்மார். கென்டக்கி மலையில் ஒருவனைச் சுட்டால், அடுத்த ஞாயிறுக்குள் சுட்டவன் வீட்டில் யாரும் மிஞ்ச மாட்டார்கள்.

தகட்டை வளைத்து, தட்டி, மூட்டி முடித்தேன். மூடியை மட்டும் ரிவிட் ஆணி அடித்து இறுக்காமல் சும்மா வைத்திருந்தேன்.

"என்ன மச்சான், மூடி ஆடுது?"

"காய்ச்சுறப்போ சுத்தி மாவுப் பசை பூசணும்."

"பூசிப் பூசி பாதி ஆவி காத்தோட போவுது. ரிவிட் அடி."

"ஆவி போற குழாய் அடைச்சா மாவு விட்டுக் குடுக்கும், மூடி எகிறும், ஆள் பொழைப்பான். ரிவிட் அடிச்சா அண்டாவே வெடிக்கும்டா."

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

என் இடது கையைப் பட்டடைக்கல்லில் அழுத்திச் சுத்தியலால் ஒரே போடு. இரண்டு விரல்கள் நசுங்கின. நான் அலறினேன், அவன் சிரித்தான்.

ஒருமுறை உண்மையைச் சொல்லிவிட்டேன். இரண்டாம் முறை சொல்ல நான் பாதிரியார் இல்லை. மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு இருபத்துநாலு ரிவிட் அடித்தேன். ஒவ்வொன்றும் இறங்கும்போது சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்? அண்டா வெடித்துச் செத்தவனுக்காக யாரும் துப்பாக்கி தூக்க மாட்டார்கள்.

செய்தவனே முதல் காய்ச்சலுக்கு நெருப்புப் போட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். விடிகாலையில் ஓடைக்கரையில் அண்டாவை அடுப்பேற்றி, சோள ஊறலை வடிகட்டாமல், சக்கையோடு பக்கவாய் வழியே ஊற்றித் திருகி மூடினேன். சக்கை போய்க் குழாயை அடைக்கும், நுனியில் விஸ்கி சொட்டுவது நிற்கும், விறகெடுக்கிற சாக்கில் நான் நழுவிவிடுவேன்.

ஆனால் ஹாஸ்க், டெல்ஃபியை முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடைக்கரைக்கு வந்தான். "சும்மா தின்னுட்டுக் கெடக்கா. ஜாடி பிடிக்கட்டும்."

அண்டாவிலிருந்து நாலடியில், குழாய் நுனியில் அவளை உட்காரவைத்தான்.

சொட்டு வேகமாக விழுந்தது. பிறகு மெதுவாக. பிறகு நின்றேவிட்டது. கத்தினால் அவனும் தப்பிப்பான், எங்கள் இருவரையும் கொல்வான். கத்தாவிட்டால் அவள் போய்விடுவாள். கத்தத்தான் வாயைத் திறந்தேன்.

டெல்ஃபி காய்ந்த குழாய் நுனியைப் பார்த்தாள். மூடியைச் சுற்றியிருந்த ரிவிட்டுகளைப் பார்த்தாள். அண்டா செய்கிறவர் மகள், அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஜாடியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"எங்கடி கெளம்பிட்ட?"

உடைந்த தாடை மெல்ல அசைந்தது. "நெருப்பு கொறைஞ்சுடுச்சுங்க. ரெண்டு கட்டை போடுங்க."

"பாருடா மச்சான், ஊமைக்குப் பேச்சு வந்துடுச்சு!" ஹாஸ்க் துப்பாக்கியைச் சாய்த்துவிட்டு அடுப்பின் முன் குனிந்தான்.

அவள் என் நல்ல கையைப் பிடித்துப் பாறைக்குப் பின்னால் இழுத்தாள்.

அண்டாவின் வயிறு கிழிந்து, கொதித்த ஊறல் மொத்தமும் அவன் முகத்திலும் மார்பிலும் கொட்டியது. சட்டையைப் பிய்த்தான், தோலும் கூடவே வந்தது. "மச்சான், சுட்டுடுடா, சுட்டுடு!" என்று மண்ணில் உருண்டான். எனக்கே தாங்கவில்லை, துப்பாக்கியை எடுத்தேன். டெல்ஃபி அதன் குழலைக் கீழே அழுத்தினாள். அப்புறம் அவன் எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். நண்பகல் வரை உயிர் இருந்தது.

அண்ணன்மார் வந்தார்கள். மூத்தவன் மூடியைப் புரட்டிப் பார்த்தான். இருபத்துநாலு ரிவிட்டும் அசையவில்லை.

"இதை யார் அடிச்சது?"

"நான்தான். மாவு பூசுடான்னேன்." நசுங்கிய விரல்களைக் காட்டினேன்.

அவன் காறித் துப்பினான். "அந்த முட்டாப்பய யார் பேச்சைக் கேட்டான்?" பிறகு டெல்ஃபியிடம் திரும்பினான். "நீ பக்கத்துலதானே இருந்த? கடைசியா என்ன நடந்துச்சு?"

அவள் தாடையிலிருந்த துணிக்கட்டைத் தொட்டுக் காட்டி, இல்லையென்று தலையை ஆட்டினாள். பேச முடியாதாம்.