லார்டு வீட்டு உள்ளடம்

ஃபக்ருன்னிசா வீட்டுக் கூடத்தில் ஒரு போட்டோ தொங்கியது. நீள மேசையைச் சுற்றி வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் உட்கார்ந்திருக்க, ஓரமாக மூன்று தலைப்பாகைகள் விறைத்து நின்றன. நடுத் தலைப்பாகை ஃபக்ருன்னிசாவின் பாட்டனார். லார்டோடு விருந்து சாப்பிட்டவர் என்று அவள் சொல்வாள். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது இவர் மட்டும் ஏன் நிற்கிறார் என்று பர்மியப் பேட்டையான மிங்கலா தாங்ஞுன்ட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடியவர்களில் பாதிப் பேர் அவள் புருஷன் அப்துல் பாரியின் இரும்புக் கடையில் வேலை பார்த்தார்கள். மீதிப் பேர் வேலை கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். பாட்டனாரின் கைகள் தெரியவேண்டிய இடத்தில், சட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் ரோஜாக் கொத்து செருகியிருந்தது.

அந்த விருந்திலிருந்து பாட்டனார் கொண்டுவந்த சொத்துதான் ஸ்டஃபிங். அடுப்படியில் அதை உள்ளடம் என்பார்கள். கூடத்தில் அப்படிச் சொன்னால் ஃபக்ருன்னிசாவுக்கு முகம் சுருங்கும். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானி முடிந்ததும் ஆட்டுக் குடலைப் புரட்டி, சுண்ணாம்பும் உப்பும் போட்டுத் தேய்த்து அலச வேண்டும். கொத்திய மாட்டுக்கறியில் வெள்ளை மிளகும் ஜாதிக்காயும் பிசைந்து குடலுக்குள் அடைத்து, முடிச்சுப் போட்டு, மொட்டைமாடி வெயிலில் காயவைக்க வேண்டும். இதுதான் சாசேஜ். இதன் பிறகு இவ்வளவு பாடுபட்டு அடைத்த குடலைக் கத்தியால் கீறி உரித்து எறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் கறியை மட்டும் எடுத்து, பழைய ரொட்டித் துண்டுகளோடும் பொரித்த வெங்காயத்தோடும் செலரித் தழையோடும் பிசைந்து கோழிக்குள் அடைக்க வேண்டும்.

உரித்து எறிவதற்கு எதற்குக் குடல், கறியை நேராகவே ரொட்டியோடு பிசையலாமே என்று ஸமீரா ஒரு தடவை கேட்டாள். லார்டு வீட்டில் அப்படித்தான் என்று பதில் வந்தது. லார்டு வீட்டில் குடல் கழுவியது யார் என்று அவள் கேட்கவில்லை.

ஸமீரா, அப்துல் பாரியின் செத்துப்போன ஒன்றுவிட்ட காக்காவின், அதாவது அண்ணனின், மகள். அவர் அவளுக்குச் சாச்சா, ஃபக்ருன்னிசா சாச்சி. உம்மாவும் இல்லை. அந்த வீட்டில் அவள் வேலைக்காரி இல்லை என்பதை ஃபக்ருன்னிசா ஊருக்கெல்லாம் அழுத்திச் சொல்வாள். வேலைக்காரி என்றால் மாசமானால் ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கும். குடல் கழுவுவதிலிருந்து கோழியைத் தைப்பதுவரை ஸமீராதான். பெருநாளின் மூன்றாம் நாள் விருந்தில் கோழி மேசைக்கு வரும்போது மட்டும் ஃபக்ருன்னிசாவின் மகள் ரிஹானா, புதுத் தாவணியில் பின்னாலேயே வருவாள். எல்லாம் எங்க ரிஹானா கைவேலை என்பாள் ஃபக்ருன்னிசா. சொந்தக்காரர் வீடுகளுக்குத் தட்டுப் போகும்போதும் அதே பேச்சுத்தான் தட்டோடு போகும்.

ஸமீராவுக்குப் பெயர் வாங்குவதில் ஆசை இருந்ததில்லை, ஓடைக்கு அக்கரையில் தாகேதாவில் நசீருடைய உம்மா வாயைத் திறக்கும்வரை. நசீர் ரொட்டி அடுப்புக்காரன். மிங்கலா தாங்ஞுன்ட்டில் கரண்டை நம்பி யாரும் கோழி சுடுவதில்லை. தைத்த கோழிகளைச் சைக்கா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, ஓடைப் பாலம் தாண்டி அவனுடைய ரொட்டி அடுப்புக்குக் கொண்டுபோவார்கள். கோழி வேகும் நேரத்தில் அவர்கள் பேசிப் பேசி, ஒருநாள் அவன் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான். அவன் உம்மா மைமூன் ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்புக்குப் பக்கத்திலேயே ஒரு சாப்பாட்டுக் கடை போட அவளுக்குத் திட்டம். கைப்பக்குவம் உள்ள மருமகள் வேண்டும். அந்த வீட்டில் சமைக்கிறது ரிஹானாவாமே, இந்தப் பிள்ளை என்னத்தைக் கண்டது, சும்மா கோழி தூக்கிக்கொண்டு வருகிறது என்று சொல்லிவிட்டாள்.

ஆக, ஸமீராவுக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த உள்ளடம் தன் கை என்று ஊருக்குத் தெரிய வேண்டும். தெரிந்த மறுநாள் மைமூன் பெண் கேட்டு வருவாள்.

தொண்ணூற்றேழில் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா முடிந்த ஈரம் காயுமுன்னே ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. சிங்கப்பூரிலிருந்து மதீனா பீவியும் வந்தாள். மகன் ஷாநவாஸுக்குப் பெண் பார்க்கிறாள். போன வருஷம் ஒரு சொந்தக்காரர் வீட்டுத் தட்டில் இந்த உள்ளடத்தைத் தின்றுவிட்டு, அந்த ருசியிலேயே ரிஹானாவை மனசில் குறித்து வைத்திருந்தாளாம். ஒரே ஒரு நிபந்தனை. பெண் தன் கண் முன்னால் செய்து காட்ட வேண்டும்.

ஃபக்ருன்னிசா அசரவில்லை. ரிஹானாவைக் கூப்பிட்டு, போய் ஸமீரா லாத்தாகிட்டக் கேட்டுக்கோ என்றாள். ரிஹானா கெட்டவள் இல்லை. அடுப்பு எந்தப் பக்கம் பற்றும் என்று தெரியாதவள், அவ்வளவுதான். ஸமீரா அவளுக்கு வெங்காயம் வதக்கச் சொல்லிக்கொடுத்தாள். ரொட்டியை எவ்வளவு நனைப்பது, முட்டையை எப்போது உடைப்பது, கோழியை எப்படித் தைப்பது, எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். சாசேஜ் மாடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதை என்ன செய்வது என்று ரிஹானா கேட்டபோது, சாச்சிகிட்டக் கேட்டுக்கோ என்றாள்.

வெள்ளை மேசைவிரிப்பு போட்டு, செய்முறைக்குக் கூடத்திலேயே இடம் ஒதுக்கியிருந்தார்கள். மதீனா பீவி எதிரே நாற்காலியில். ஸமீரா அடுப்படி வாசலில் திரைச்சீலைக்குப் பின்னால். ரிஹானா சாசேஜைக் கையில் எடுத்துவிட்டு உம்மாவைப் பார்த்தாள். ஃபக்ருன்னிசா அதற்கு முன் அந்தச் சாசேஜைக் கிட்டத்தில் பார்த்ததே கிடையாது. ஆனாலும் தயங்கவில்லை.

"வட்ட வட்டமா வெட்டிப் போடும்மா. லார்டு வீட்டுல வட்டமாத்தான் வெட்டுவாங்க."

ரிஹானா குடலோடு வெட்டினாள். குடலோடு பிசைந்தாள். குடலோடு அடைத்துத் தைத்தாள். ஸமீரா திரைச்சீலையின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கோழிகள் தாகேதா போய், நிறம் ஏறித் திரும்பின. மதீனா பீவி பிஸ்மி சொல்லி ஒரு பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். மறுபடி மென்றாள். அப்துல் பாரி, சிங்கப்பூரில் வெயில் எப்படி என்று கேட்டார். அவள் இன்னும் மென்றுகொண்டிருந்தாள். கடைசியில் இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, ரப்பர் வளையம் போல ஒன்றை இழுத்து வெளியே எடுத்தாள். அதைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பின்னாலேயே இன்னொன்று வந்தது.

ரொட்டி சரியில்லை என்றாள் ஃபக்ருன்னிசா. அடுப்புக்காரன் சரியில்லை என்றாள். இப்போதெல்லாம் ஆடுகளே சரியில்லை என்றார் அப்துல் பாரி.

"போன வருஷ ஆட்டுக்குக் குடல் இல்லையா?" என்றாள் மதீனா பீவி. "அது யார் செஞ்சது?"

ஸமீரா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். இதற்காகத் தலைக்குக் குளித்து, இருக்கிறதில் நல்ல தாவணியைக் கட்டியிருந்தாள்.

"நான்தான் மாமி. போன வருஷமும் நான்தான், அதுக்கு முந்தியும் நான்தான். குடலை உரிச்சிட்டுத்தான் பிசையணும்."

"இன்னைக்கு ஏன் சொல்லல?"

"என்கிட்ட யாரும் கேக்கலையே, மாமி."

ரிஹானா அழத் தொடங்கினாள். மதீனா பீவிக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. ஸமீராவைக் கிட்டே கூப்பிட்டு, கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். பிரியாணி வருமா என்றாள். வரும் என்றாள் ஸமீரா. இடியாப்பம்? வரும். ஒரே ஆளாக எத்தனை பேருக்கு ஆக்குவாய்? எத்தனை பேர் வந்தாலும். துணி துவைப்பாயா, இஸ்திரி போடுவாயா, வயசானவர்களுக்குக் கால் பிடித்துவிடத் தெரியுமா? சாச்சிக்குத் தினமும் நான்தானே பிடிக்கிறேன் என்றாள் ஸமீரா. ஒவ்வொரு கேள்விக்கும் அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. அந்தக் கூடத்தில் இவ்வளவு நேரம் அவளிடம் யாரும் பேசியதில்லை. மைமூன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

மதீனா பீவி கை கழுவ எழுந்தவள் போட்டோவுக்கு முன்னால் நின்றாள். ரோஜாக் கொத்தை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இடது பக்கம் நிக்கிறது எங்க வாப்பா" என்றாள். "கையில சூப்புச் சட்டி. உங்க பாட்டனார் கையில வெச்சிருக்கிறது சுட்ட வாத்தா, சுட்ட கோழியா?"

ஃபக்ருன்னிசா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். மதீனா பீவி கொத்தைப் பழையபடி சரியாக இறக்கி, ஒரு இதழை நீவியும் விட்டாள்.

"பயப்படாதீங்க. லார்டோட விருந்து சாப்பிட்டவர்னுதான் நானும் சிங்கப்பூர்ல சொல்லி வெச்சிருக்கேன்."

அதற்குப் பிறகு பேச்சு வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோலப் போனது. இவ்வளவு பெரிய குடும்பத்தில் சம்பந்தம் கிடைப்பது லேசில்லை என்று ஃபக்ருன்னிசா சொன்னாள். அதையே மதீனா பீவியும் சொன்னாள். மருமகள் எதற்கு அடுப்படியில் வேக வேண்டும், மருமகள் கூடத்தில் இருந்தால் போதும், அடுப்படிக்கு ஆள் இருந்தால் போதும் என்றாள் மதீனா பீவி. சிங்கப்பூரில் வேலைக்கு ஆள் வைப்பது பெரிய தலைவலி. வருகிறவளுக்குச் சம்பளம் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டும். சொந்தக்காரப் பிள்ளை என்றால் இந்தத் தொல்லை கிடையாது. அத்தனையும் கூடத்தில் நடந்தது. ஸமீரா அப்போது அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

மறுநாள், மதீனா பீவி தங்கியிருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போன தட்டுத் திரும்பி வந்தது. வெறும் தட்டாகத் திரும்பினால் பெண் வேண்டாம் என்று அர்த்தம். சீனி நிறைத்துத் திரும்பினால் சம்மதம். இது சீனியும் சீப்பு வாழைப்பழமும் ரிஹானாவுக்கு ஜரிகைத் துணியுமாகப் பளபளத்துக்கொண்டு வந்தது. ஸமீரா துணியைத் தூக்கி மடித்தாள். அடியில் இன்னொரு பொட்டலம். ஒரே நிறத்தில் இரண்டு சாதாப் பருத்தித் தமெய்ன் கைலி, கூடவே ஒரு துணிச் சோப்பு.

"அது உனக்குப் புள்ளே, ரிஹானாகூட நீயும் போகணும்ல" என்றாள் ஃபக்ருன்னிசா.

ஸமீரா தமெய்னைக் கையில் வைத்துக்கொண்டே அப்துல் பாரியிடம் போனாள். நான் போகவில்லை சாச்சா என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டார். சிங்கப்பூருக்குப் போக இந்த ஊரே தவம் கிடக்கிறது, நீ வரிசையில் நிற்காமலே போகிறாய், உன் வாப்பா இருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் தெரியுமா என்றார். அப்புறம் நெகிழ்ந்துபோய், பாஸ்போர்ட்டுக்கு நல்லதாக ஒரு போட்டோ எடுத்துக்கொள் என்றார்.

குடல் வளையக் கதை ஊரில் பரவ நேரம் ஆகவில்லை. கூடத்துப் பேச்சு கூடத்தோடு நின்றது. உள்ளடம் ஸமீரா கை என்ற பேச்சு மட்டும் ஓடைப் பாலம் தாண்டித் தாகேதா போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மைமூன் வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. தூக்குப் பாத்திரம் நிறையச் சூடான பன்ரொட்டி. உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தாள். என் மகனுக்கு ஸமீராவைக் கேட்டு வந்திருக்கிறேன், கடை போடுகிறோம், அவள் கைக்குத் தாகேதாவே வரிசையில் நிற்கும் என்றாள்.

ஸமீரா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தாள். ரொட்டி வாசனை அதையும் தாண்டி வந்தது.

"அடடா, அவளைப் பேசி முடிச்சாச்சே" என்றாள் ஃபக்ருன்னிசா. "சிங்கப்பூரு."

நல்ல இடமாகத்தான் இருக்கும், அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்றாள் மைமூன். மனசாரத்தான் சொன்னாள். மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று கேட்க நினைத்து, பெரிய வீட்டு விவகாரம் என்று விட்டுவிட்டாள். எழுந்தாள்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புவது அந்த வீட்டுப் பழக்கமில்லை. ஃபக்ருன்னிசா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். ரிஹானாவின் கல்யாணத்துக்கென்று ஸமீரா அன்று காலைதான் மறுபடி உள்ளடம் செய்து பார்த்திருந்தாள், குடலை ஒழுங்காக உரித்து. பன்ரொட்டியை எடுத்து அடுக்கிவிட்டு, பாத்திரத்தில் அதை நிறைத்து மூடி, வாசல் வரை கொண்டுபோய் மைமூன் கையில் கொடுத்தாள்.

மைமூன் மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். ஜாதிக்காய் மணம் தூக்கியது. கண்ணை மூடித் திறந்தாள்.

"யார் கைம்மா இது?"

"எல்லாம் எங்க ரிஹானா கைவேலைதான்" என்றாள் பின்னாலேயே வந்த ஃபக்ருன்னிசா. பழகிய வாய்.

மைமூன் ஸமீராவை ஒரு பார்வை பார்த்தாள். ஊர் வாயை நம்பி வந்து கெட்டுப்போக இருந்தோமே, நல்லவேளை என்பதுபோல இருந்தது. பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சைக்காவில் ஏறினாள்.