மோர் கலந்த பீர்

பாதிரியார் தர்லோவுக்குக் கண் போய் நாலு வருஷம் ஆகிறது. வாய் மட்டும் போகவில்லை. நாடே சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த பெரிய ஆங்கில அகராதிக்கு அவர் பெயரில் போன சீட்டுகளெல்லாம் மகள் லவீனியா கண்வலிக்கப் படித்து எழுதியவை. சீட்டுக்கு ஒரு சொல், அது வரும் பழைய வாக்கியம், மூலையில் அனுப்பியவர் பெயர். நாலாயிரம் சீட்டு போயும் அந்த மூலையில் ஒரு தடவைகூட அவள் பெயர் ஏறவில்லை.

இப்போது 'பால்டர்டாஷ்' முறை. உளறலுக்கு அந்தக் காலத்து ஆட்கள் சொல்லும் சொல். அது, பைபிளில் மொழிகளெல்லாம் குழம்பிப்போன பாபேல் கோபுரத்திலிருந்து வந்தது என்பது தர்லோவின் கண்டுபிடிப்பு. தான் செத்தாலும் அது அச்சில் நிற்கும் என்று பெக்கிள்ஸ் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். லவீனியாவுக்கோ ஒரு பழைய நாடகத்தில் வேறு ஒன்று அகப்பட்டது. அதில் ஒருவன், பீரில் மோரைக் கலந்த கண்றாவியை அந்தப் பெயர் சொல்லித் திட்டுகிறான்.

"உளறல்ங்கிற அர்த்தம் அப்புறந்தான் வந்திருக்குப்பா. முதல்ல அது கண்டதையும் கலந்த குடி. இந்த ஒரு சீட்டுல மட்டும் என் பேரைப் போட்டுக்கட்டுமா?"

"முப்பத்தெட்டு வயசுல பேரு வேற கேக்குதா உனக்கு? எவனும் கட்டிக்க வரல, அகராதியாவது கட்டிக்கட்டும்னு பாக்கிறியா? நெருப்புல போடு அதை!"

அவள் நெருப்பில் போடவில்லை. தன் பெயரிலேயே தபாலில் போட்டாள்.

மே மாதம் அச்சுப்படி வந்தது. கிழவர் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நிதானமா படி."

படித்தாள். அவள் அனுப்பிய வரி அப்படியே இருந்தது. கடைசியில், 'மூலம் தெரியவில்லை; பாபேலோடு இணைப்பது ஆதாரமற்ற ஊகம்.'

கிழவர் குறுக்கிட்டார். "தப்பாப் படிக்கிறே. திரும்பப் படி."

திரும்பவும் படித்தாள், இன்னும் நிறுத்தி. அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பார்க்க அவளுக்கு நன்றாக இருந்தது. மூன்றாம் தடவை அவர் கேட்காமலே படித்தாள்.

"ஆசிரியருக்கு எழுது," என்றார். "என் மக ஒரு அரைகுறை, கண்டதையும் அனுப்பிட்டா, இனிமே அவ சீட்டு வந்தா கிழிச்சுப் போடுங்கன்னு எழுது."

"சொல்லுங்கப்பா, எழுதறேன்."

அவர் சொல்லச் சொல்லப் பேனா ஓடியது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தாளில் ஏறவில்லை. 'எனக்குப் புத்தி தடுமாறுகிறது. இத்துடன் விலகிக்கொள்கிறேன். இனி எல்லாவற்றையும் என் மகள் மிஸ் லவீனியா தர்லோவுக்கே அனுப்பவும்.'

பிறகு அவர் கையைப் பிடித்துத் தாளின் அடியில் வைத்தாள்.

"இங்கதானேம்மா?" என்று கேட்டுக்கொண்டு, முழுப்பெயரையும் கவனமாக எழுதினார் தர்லோ.