வாசிக்காத பியானோ

நான் ஜாஸ் இசையைக் கரைத்துக் குடித்தவன் என்று ஒரு மாதப் பத்திரிகை நம்பிக்கொண்டிருக்கிறது. கேட்க வேண்டிய ஆல்பங்களைப் பற்றி அதில் எழுதுகிறேன். போன தடவை கையில் கிடைத்தது ஒரு பழைய இசைத்தட்டு. அட்டையில் ஒரு பாடகி, ஒரு பியானோக்காரர், வேறு யாருமில்லை. போட்டுக் கேட்டால் அவள் குரல் மட்டும் கணீரென்று வந்தது. பியானோ மூச்சுக்கூட விடவில்லை.

வேறு யாராவது என்றால் ஏதோ கோளாறு என்று எழுந்து பார்த்திருப்பார்கள். நான் கண்ணை மூடி ரசித்தேன். "பாடகிக்காகத் தன் விரல்களைக் கட்டிப்போட்ட மகாகலைஞன்" என்று இரண்டு பக்கம் எழுதித் தள்ளினேன். அச்சிலும் வந்துவிட்டது.

நேற்று வீடு கூட்டிய என் மனைவி, "இந்த ஸ்பீக்கர் வயர போன மாசம் நான்தான் கழட்டினேன், மாட்டவே மறந்துட்டேன்" என்று சொல்லி மாட்டினாள். அந்தக் காலத்து ஒலிப்பதிவில் பாடகியை ஒரு ஸ்பீக்கரிலும் பியானோவை இன்னொன்றிலும் பிரித்து வைப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதறிப்போய் இசைத்தட்டைப் போட்டேன். மகாகலைஞர் திறந்துவிட்ட குழாய் மாதிரி கொட்டினார்.

மனைவி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டாள்.

"யாருங்க இந்த ஆளு? பாவம், அந்தப் பொண்ண ஒரு வரி பாடி முடிக்க விடமாட்டேங்கிறாரே! அப்படியே உங்கள மாதிரி."

நான் எழுந்துபோய் வயரை மறுபடி கழற்றினேன்.