எர்மெலிந்தா கொடுத்த கொங்கணி மனு

கோவா தனி மாநிலமாகிப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. கொங்கணியை ஆட்சிமொழியாக்கிய சட்டம் அதற்கு நாலு மாதம் முன்பே வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் தாலுகா அலுவலகத்தில் வாய் நிறையக் கொங்கணி பேசுவோமே தவிர, ஒரு வரி எழுதியதில்லை. எழுத்தெல்லாம் ஆங்கிலம், எப்போதாவது மராத்தி. நான் அங்கே மனு வாங்கும் குமாஸ்தா; ஊர்க்காரர்களுக்குத் 'தத்தா பாப்', அதாவது தத்தா ஐயா.

அன்று கொட்டும் மழையில் எர்மெலிந்தா வந்தாள். ஆற்று நடுவிலிருக்கும் தீவிலிருந்து தினமும் மீன்கூடையோடு படகேறி வருகிறவள். தீவின் படகுத்துறையில் கற்கள் பெயர்ந்து இரண்டு வருடமாகிறது. முந்தின வாரம் அங்கே வழுக்கி விழுந்ததில் அவள் இடது கையில் மாவுக்கட்டு. மற்ற கையால் ஒரு தாளை நீட்டினாள். ரோமன் எழுத்தில் எழுதிய கொங்கணி.

"வக்கீல் எழுதிக் குடுத்த இங்கிலீஷ் மனு ரெண்டு இங்கதான் தூங்குது, தத்தா பாப். அதுல என்ன இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. இது நானே எழுதினது."

தாலுகாவின் தலைமை அதிகாரியான எங்கள் மாம்லத்தார் வேரேக்கர் தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "மாய்," என்று அம்மா முறையில் கூப்பிட்டார், "சட்டத்துல தேவநாகரி எழுத்துன்னு இருக்கு. இதை வாங்க முடியாது."

"சட்டத்துக்கு என் பாஷை வேணும், நான் சர்ச்சுல படிச்ச எழுத்து வேணாமா? சரி, நான் வாயால சொல்றேன். நீங்க உங்க எழுத்துல எழுதிக்குங்க."

வேரேக்கர் என் பக்கம் திரும்பினார். "எழுது, தத்தா."

பேனாவைத் திறந்தேன், கை ஓடவில்லை. 'பணிவுடன் வேண்டிக்கொள்வது' என்பதைக் கொங்கணியில் எப்படி எழுதுவது? அவளிடமே கேட்டேன்.

"எதுக்குக் கெஞ்சணும்? எர்மெலிந்தா சொல்றாள்னு எழுது."

அப்படியே எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல மற்ற மேசைக்காரர்களும் எழுந்து வந்துவிட்டார்கள்.

"இந்தத் துறையில ஒம்பது பொம்பளைங்க விழுந்திருக்கோம். பிள்ளைத்தாச்சிய நாற்காலியில வச்சுத் தூக்கிட்டு வர்றோம். மாநிலம் எங்க தீவுக்கும் வரணும்னா, அது கரையேற ஒரு துறை வேணும்ல?"

யாரோ சிரித்தார்கள். வேரேக்கர் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஆங்கிலத்தில் குறிப்பெழுதிய மனிதர், மனுவின் அடியில் கொங்கணியில் எழுதினார்: 'இவள் சொல்வது உண்மை. உடனே செய்ய வேண்டும்.' ஒரு எழுத்தை அடித்துத் திருத்தினார். கையெழுத்தையும் கொங்கணியில் போட்டார்.

மூன்று வாரத்தில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது, ஆங்கிலத்தில். எர்மெலிந்தா அதைத் தொடவில்லை.

"இது எனக்கு வந்த காயிதம் இல்ல. நான் கேட்டது கொங்கணியில."

"அவ சொல்றது நியாயம்தானே," என்று வேரேக்கர் அதைத் திருப்பி அனுப்பினார்.

ஆகஸ்டில் வேறொரு கடிதம் வந்தது. நாலே வரி, கொங்கணியில். மழை விட்டதும் துறை கட்டப்படும் என்று தேதியோடு இருந்தது. நான் உரக்க வாசித்தேன். பாதியில் அவள் நிறுத்தினாள்.

"என்னது? 'விழுந்தான்'னா? என்னை ஆம்பளையாக்கிட்டானே, படுபாவி!"

"புதுசா எழுதறாங்க, மாய்."

"எழுதட்டும், எழுதட்டும். எழுத எழுதத்தானே வரும்." அவள் முகமெல்லாம் சிரிப்பு. "அதுக்குக் கீழ என் எழுத்துலயும் எழுதிக் குடு. படகுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டணும்."

எழுதிக் கொடுத்தேன். அன்று மாலைப் படகில் அவள் எழுந்து நின்று வாசித்தாளாம். வாசித்து முடிக்கும்வரை படகோட்டி இயந்திரத்தைக் கிளப்பவில்லை என்று மறுநாள் சொன்னார்கள். அக்டோபரில் கல் வந்து இறங்கியது. அந்த வருடம் முடிவதற்குள் எங்கள் பதிவேட்டில் அறுபத்தோரு கொங்கணி மனுக்கள் ஏறிவிட்டன. ஒன்றில்கூட நான் 'பணிவுடன்' என்று எழுதவில்லை.