வயிறு தெரியாத இடம்

மற்றத் தாய்மார் கண்ணாடிப் பெட்டிக்குக் கிட்டப் போனதும் பிள்ளையின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். மூக்கு தகப்பன் பக்கம், காது தாய் பக்கம் என்று பங்கு பிரிப்பார்கள். தக்சாயினி நேரே வயிற்றைப் பார்ப்பாள். தோல் இழுபட்டுப் பளபளக்கிறதா, நீல நரம்பு ஓடுகிறதா, மூக்குக் குழாயில் பச்சை ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பாள். ஒன்றுமில்லை என்று கண்ட பிறகுதான் மூச்சு வரும். பிள்ளைக்கு முகம் ஒன்று இருப்பது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வரும்.

இது இரண்டாவது பிள்ளை, பெண். மூத்தவனும் இப்படித்தான் மாதம் நிறையாமல் அவசரப்பட்டு வந்து, இதே வார்டில் கிடந்தான். முதலில் நன்றாகத்தான் இருந்தான். குழாய் வழியாக அவள் பாலைக் குடித்தான். பிறகு வயிறு ஊதியது, குழாயில் பச்சை ஏறியது, இரண்டு வருடத்துக்கு முந்திப் போய்விட்டான். அன்றைக்கு நடைபாதையில் அவசரமாகப் போய்க்கொண்டிருந்த ஒரு டொக்டர், "குடலிலை கிருமி பரவீட்டுது அம்மா, ஒண்டும் செய்யேலாமப் போச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவருக்கு அது ஒரு வரி. இவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தாள்.

எங்கிருந்து வந்த கிருமி என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. அவன் வயிற்றுக்குள் போனது இவளுடைய பால் மட்டும்தான். பிறகென்ன கேள்வி?

இன்னொன்றும் இருந்தது. உயிரோடு இருந்தவரை அவனைத் தூக்கும்படி ஒருநாளும் வாய்க்கவில்லை. போன பிறகு குழாய்களைக் கழற்றித் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். அவள் சட்டையைத் திறந்து, அவனை வெறும் நெஞ்சில் இடப்பக்கமாகக் கிடத்திக்கொண்டாள். இரண்டு றாத்தல் பாண் அளவு பாரம், ஒரு கிலோவும் வராது. பெரியவர்கள் வந்து வாங்கும்வரை அப்படியே இருந்தாள். பருத்தித்துறையில் அவள் வீட்டில், செத்தவீட்டுக்குப் போய் வந்தால் கிணற்றடியில் முழுகாமல் படியேற மாட்டார்கள், அதற்கு முன் குழந்தையைத் தொடவே மாட்டார்கள். அவளும் அன்றைக்கு முழுகினாள். அந்த முழுக்கு இன்னும் முடியவில்லை.

காலையிலும் மாலையிலும் டெற்றோல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து இடப்பக்க நெஞ்சு வெடித்துப் போயிருந்தது. "நான் போற கடலிலையும் இவ்வளவு தண்ணி இல்லையடி" என்று புருசன் சிவகரன் பகிடி விட்டான். ஒருநாள் அந்தத் தோலைப் பார்த்த பிறகு பகிடியை விட்டுவிட்டான். கேட்டபோதெல்லாம் டெற்றோல் வாங்கிக் கொடுத்தான், பாவம், வேறென்ன செய்வதென்று அவனுக்கும் தெரியவில்லை.

எவ்வளவு கழுவியும் மூத்தவன் போகவில்லை. ஆஸ்பத்திரியில் தாய்மார் படுக்கும் அறையில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயரும் நேரம் பார்த்து வருவான். இடப்பக்கம் அந்தப் பாரம் ஏறும். குளிர்ந்த பாரம். கையால் தடவிப் பார்ப்பாள், சட்டைதான் இருக்கும். பக்கத்துக் கட்டில்களில் மற்றவர்கள் நித்திரையாயிருப்பார்கள். எழுந்துபோய்க் கழுவுவாள்.

அதனால், தாயின் சூடு படச் சின்னவளை வெறும் நெஞ்சில் கிடத்தத் தாதி மிஸ்மார் வரச்சொன்ன போதெல்லாம் சாட்டுச் சொன்னாள். ஒருநாள் தடிமன், ஒருநாள் தலையிடி. பால் மட்டும் தவறாமல் எடுத்தாள். எடுத்த பாலை ஒரு சில்வர் பேணியில் ஊற்றி, தேத்தண்ணிக்குத் தண்ணி சுடவைக்கும் கறண்ட் கேத்திலுக்குள் இறக்கிக் கொதிக்க வைத்தாள். பிறகு ஆறவைத்து, ஏட்டை எடுத்தெறிந்துவிட்டு, போத்தலில் திருப்பி ஊற்றிக் கொடுத்தாள். யாருக்கும் தெரியாது. தன்னிடமிருந்து இந்த முறை ஒரு கிருமியும் போகவிடுவதில்லை என்று நினைத்தாள்.

ஒரு காலை வயிறு கொஞ்சம் உயர்ந்திருந்தது.

அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. நாடாவால் அளந்த மிஸ் உதட்டைக் கடித்தார். பால் நிறுத்தினார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். குழாயில் இன்னும் பச்சை இல்லை. தக்சாயினி பெட்டியருகே நின்றபடி, மூத்தவன்தான் வந்துவிட்டான் என்று நினைத்தாள். தங்கையைக் கூட்டிக்கொண்டு போக வந்துவிட்டான். தான் பெற்ற மூத்தவனை நினைத்தே அவள் பயந்தாள், பயந்ததற்காக வெட்கப்பட்டாள்.

அடுத்த நாள் வயிறு இறங்கியது. திரும்பப் பால் தொடங்கலாம் என்றார்கள். அவள் ஓடிப்போய்க் கேத்திலைப் போட்டாள். போத்தல் வாங்க வந்த மிஸ், பெயர் பராசக்தி, கதவில் நின்றார்.

"உதென்ன செய்யிறீர், பிள்ளை?"

"பால் கொதிக்க வைக்கிறன், மிஸ்."

"ஆருக்கு?"

"சின்னவளுக்குத்தான். கிருமி போகட்டுமெண்டு."

பராசக்தி கேத்திலின் வயரைக் கழற்றினார். ஏசவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, "எந்தக் கிருமி? இருந்து சொல்லும்" என்றார். தக்சாயினி சொன்னாள். நடைபாதை வார்த்தையைச் சொன்னாள், நெஞ்சைத் திறந்து தோலைக் காட்டினாள், மத்தியானத்தில் வருபவனைப் பற்றியும் சொன்னாள். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். பராசக்தி அவள் கையைப் பிடித்து டொக்டரிடம் கூட்டிப் போனார்.

டொக்டர் பிரகலாதன் இந்த வார்டுக்குப் புதியவர். பராசக்தி சொன்னதைக் கேட்டு, நடைபாதையில் கதைக்காமல் கதிரை இழுத்துப் போட்டார். அந்த மட்டில் கெட்டிக்காரன்.

"இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த சனத்தைக் கண்டிருப்பியள் அம்மா. ஆளில்லாத வீட்டுக்கை முதல்லை ஆர் வாறது?"

அவளுடைய பெரியம்மாவின் வீடு நினைவுக்கு வந்தது. "பாம்பு, ஐயா."

"உங்கடை பிள்ளையின்ரை குடலும் அப்பிடித்தான். வெறும் வீடு. நாங்கள் எவ்வளவு கழுவினாலும் ஆஸ்பத்திரியிலை கூடாத கிருமியள் வாசல்லை நிக்கும். உங்கடை பாலிலையும் தோலிலையும் நல்லதுகள் கிடக்கு. அதுகள் முதல்லை போய்க் குடியிருக்க வேணும், அப்பதான் மற்றதுக்கு இடமில்லாமப் போம். கொதிக்க வைச்சால் அதுகள் செத்துப்போம்."

"அப்ப, வயிறு ஊதினது என்னாலையோ?"

"அப்பிடிச் சொல்லமாட்டன். எனக்குத் தெரியாது. மூத்த பிள்ளைக்கு வந்த குடல் வருத்தம் ஏன் வாறது எண்டு முழுசா ஒருத்தருக்கும் தெரியாது. தாய்ப்பால் குடிச்சால் குறைவு. ஆனால் குடிச்ச பிள்ளையளுக்கும் சிலவேளை வருது. உங்கடை பாலாலை அவன் போகேல்லை. அதை மட்டும் நிச்சயமாச் சொல்லுவன்."

அவள் சட்டையின் இடப்பக்கத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு, கேட்கவே பயந்த கேள்வியைக் கேட்டாள்.

"கழுவினால் தோலிலை கிடக்கிறது போகுமோ, ஐயா?"

"மேலாலை போகும். திரும்பவும் வந்து குடியிருக்கும்."

"அப்ப, அவன் இதிலை கிடந்தவன். அவனிட்டை இருந்து ஒட்டினது ஏதும் இன்னும் கிடக்குமோ?"

டொக்டர் கதிரையை இன்னும் கிட்ட இழுத்தார். "இருக்காது எண்டுதான் நினைக்கிறன்" என்றார். "இருந்தாலும் பயப்பிட ஒண்டுமில்லை அம்மா. இருந்தால் இருக்கட்டும்."

அன்று பின்னேரம் சிவகரன் புது டெற்றோல் போத்தலோடு வந்து நின்றான். "இண்டைக்கு வேண்டாம், வீட்டை கொண்டு போங்கோ" என்றாள். அவன் போத்தலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டான்.

கழுவாத நெஞ்சோடு சாய்கதிரையில் சாய்ந்தாள். பராசக்தி சின்னவளைக் குழாய்களோடு எடுத்து வந்து, குப்புறக் கிடத்தினார். கிடத்திய பிறகுதான் தக்சாயினிக்குப் புரிந்தது: இப்படிக் கிடந்தால் வயிறு தெரியாது. தலைமயிரும் ஒரு காதும்தான் தெரிந்தன. தூக்கி வயிற்றைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கையைக் கதிரைப் பிடியில் இறுக்கிவைத்தாள். வயிறு அவள் தோலில் ஒட்டிக்கொண்டு, மெத்தென்று, சூடாக, ஏறி இறங்கியது.

பாரம் அதே பாரம்தான், இரண்டு றாத்தல் பாண். பழைய குளிர்ந்த பாரம் எங்கே என்று அவள் தேடினாள். போய்விடவில்லை. இடப்பக்கம், பழைய இடத்திலேயே கிடந்தது. இந்த முறை அவளுக்கு எழுந்துபோய்க் கழுவத் தோன்றவில்லை. சின்னவளை ஒரு விரலளவு வலப்பக்கம் நகர்த்தினாள்.

"கொஞ்சம் தள்ளிக் கிடவம்மா" என்று காதுக்குள் சொன்னாள். "அண்ணையும் இதிலைதான் கிடக்கிறான்."